செல்ஃப் எடுக்காத வேன்

வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். ஒரேயடியாகப் படுத்துவிட்ட வண்டியால் பெரிய தொல்லை இல்லை. நாலு தரம் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி ஐந்தாவது தரம் மக்கர் பண்ணுகிறதே, அதுதான் தொல்லை. பட்டறைக்குக் கொண்டுபோனால் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். “நல்லாத்தானே இருக்கு சார்” என்று அனுப்பிவிடுவார்கள். மறுநாள் அவசரத்துக்குச் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு வேன் முன் சீட்டுக்கு அடியில் எஞ்சின் உள்ள பழைய பெட்ரோல் வண்டி. விற்றுவிடச் சொல்லிப் பிள்ளைகள் பலமுறை சொல்லியாயிற்று. நான் விடவில்லை. அக்காவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குப் போய் வர நூறு கிலோமீட்டருக்கு மேல். திரும்பும்போது அக்கா களைத்துப் போயிருப்பாள். பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொள்வாள். அந்த வசதி காரில் வராது.

ஒருநாள் திரும்பும் வழியில் ஆலங்குளத்தில் டீ குடிக்க நிறுத்தினேன். பிறகு வண்டி எடுக்கவில்லை. டீக்கடையில் நின்ற இரண்டு பையன்கள் தள்ளிவிட்டார்கள். இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டதும் கிளம்பிவிட்டது. பிறகு இது வாடிக்கையாயிற்று. ஒரு பட்டறையில் புது பேட்டரி போட்டுக் கொடுத்தார்கள். பத்தே நாளில் மறுபடியும் அதே ‘டக்’.

அந்த வாரம் அக்கா மெதுவாகக் கேட்டாள்: “தம்பி, வாரத்துக்கு ரெண்டு தரம் போதுமான்னு டாக்டர்ட்ட கேப்போமா? என்னால ஒனக்கு அலைச்சல்.” மூன்று தரம் கட்டாயம் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அது அவளுக்கும் தெரியும். அன்று ராத்திரி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தொலைபேசித் துறையில் பழுது பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். மழை பெய்தால் மட்டும் கரகரக்கும் லைன், வெயில் ஏறினால் மட்டும் செத்துப்போகும் லைன் எல்லாம் பார்த்தாயிற்று. வந்து வந்து போகும் பழுதைப் பிடிக்க ஒரே வழிதான். எப்போது வருகிறது, அப்போது என்னென்ன நிலவரம் என்று எழுதி வைக்க வேண்டும்.

மூன்று வாரத்தில் ஒன்பது தரம் வந்தது. ஒன்பதும் எஞ்சின் சூடாக இருந்தபோது, நிறுத்தி அரை மணிக்குள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு தரம்கூட இல்லை. ஒவ்வொரு முறையும் ஒற்றை ‘டக்’.

இந்தச் சத்தத்தைக் கவனிக்க வேண்டும். ‘டக டக டக’ என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது அதன் முனைகளில் பூத்திருக்கிறது. சத்தமே இல்லையென்றால் சாவி சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய ஒயரைப் பார்க்கலாம். ஒற்றை ‘டக்’ என்றால் சோலனாய்டு இழுக்கிறது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை. அப்போது ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் நன்றாக மங்கினால் பேட்டரியையோ, இறுகிய மோட்டாரையோ சந்தேகிக்கலாம். மங்காமல் அப்படியே எரிந்தால் மோட்டாருக்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை. எங்கள் வேனில் மங்கவில்லை.

பாவூர்சத்திரத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். நோட்டை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். “அண்ணாச்சி, வண்டி ஆறிக் கெடக்கும்போது பாத்தா ஒண்ணும் தெரியாது. ஒரு இருவது கிலோமீட்டர் ஓட்டிட்டு நேரா இங்க வாங்க” என்றார். அப்படியே சூடாகக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

பேட்டரி 12.6 வோல்ட், குறையில்லை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவில் மீட்டரை வைத்தார். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த் பட்டை துருப்பிடித்திருந்தது. செல்ஃப் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும். அந்தப் பாதையில் 0.02 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டியதும் செல்ஃப் சத்தமே மாறியது. ஆனால் இரண்டு நாளில் மறுபடி ‘டக்’. இந்தத் தடவை அவர் வேனுக்கு அடியில் புகுந்து, ஸ்பேனர் பிடியால் மோட்டாரை லேசாகத் தட்டச் சாவியைத் திருப்பினேன். எடுத்துவிட்டது. “கார்பன் பிரஷ்தான்” என்றார்.

கழற்றிப் பிரித்ததில் அதுவே தெரிந்தது. பிரஷ்கள் தேய்ந்து, ஒன்று கூட்டுக்குள் சிக்கிக் கிடந்தது. சூடேறினால் அது நகராது. சோலனாய்டுக்குள் செம்புத் தகடும் கருகியிருந்தது. பிரஷ், புஷ் மாற்றி ஓட்டலாம், செலவு குறைவுதான். ஆனால் செம்பு வளையமும் பள்ளம் விழுந்திருந்ததால் புது மோட்டாரே போடச் சொன்னேன். பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றினார், கடைசியில் மாட்டினார். புது மோட்டாரைத் தரையிலேயே கரண்ட் கொடுத்துச் சுற்றவிட்டுப் பார்த்த பிறகுதான் மேலே ஏற்றினார்.

1912-ல் காடிலாக் காரில் எலக்ட்ரிக் செல்ஃப் வந்தது. அதற்கு முன் கார்களுக்குப் பெரும்பாலும் கைப்பிடிதான். நம் ஊர் வாடகை அம்பாசடர்களில் பின்னாளிலும் அந்த ஹேண்டில் இருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துச் சுற்றச் சொல்வார்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் விரல் முறியாமல் தப்பும். இன்றைய வண்டிகளில் ஹேண்டில் இல்லை. செல்ஃப் போனால் தள்ள ஆள் வேண்டும். என் வயதில் நான் தள்ள முடியாது. ஊசி குத்திய கையோடு வருகிறவளை இறங்கச் சொல்லவும் முடியாது.

மோட்டார் மாற்றி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாரம் ரெண்டு தரம் என்ற பேச்சை அக்கா அப்புறம் எடுக்கவில்லை. ஆலங்குளத்தில் அவளே நிறுத்தச் சொல்கிறாள். அளவோடு அரை டம்ளர் டீ. அந்த நோட்டின் மிச்சப் பக்கங்களில் இப்போது டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் அவள் எடையை எழுதி வருகிறேன். டாக்டர் அதைத்தான் முதலில் கேட்கிறார்.