வதிவிடச் சான்றிதழ்

ஒருவர் ஓர் ஊரில் வாழ்கிறார் என்பதை அவ்வூர் அறிந்தாற் போதும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அரசின் அலுவல்கள் விரிய விரிய, அறிவது வேறு, சான்று வேறு என்றாயிற்று. அயலார் அறிந்த செய்தியும் தாளில் ஏறி, ஒப்பமும் முத்திரையும் பெற்ற பின்னரே உண்மையெனக் கொள்ளப்படுகின்றது. இந்த வேறுபாட்டை நெல்லியடியிற் பிறந்த ஒருவர் தமது அறுபத்தாறாம் வயதில் உணர நேர்ந்தது.

அவர் 1980களின் நடுப்பகுதியில் ஊரைவிட்டுப் புறப்பட்டுக் கனடாவிற் குடியேறியவர். அந்நாட்டுக் குடியுரிமையை ஏற்றபோது இலங்கைக் குடியுரிமை அற்றுப்போயிற்று. இரட்டைக் குடியுரிமைக்கு 1987ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வழிவகுத்திருந்தும், அவர் விண்ணப்பிக்க முற்படவில்லை. தொண்ணூறை அணுகும் தாயாரோடு சில மாதங்கள் இருந்துவிட்டுப் போகலாமென வந்தபோது, பிறந்த வீட்டிலேயே அவர் விசாப் பெற்ற அந்நியரானார். தாயாரின் மருந்துச் செலவுக்கென வங்கிக் கணக்கொன்று திறக்கச் சென்றார். இங்கு வசிப்பதற்கு ஆதாரம் கேட்டனர். மின்கட்டணப் பட்டியல் தாயாரின் பெயரில் இருந்தது. காணியுறுதி காலஞ்சென்ற தந்தையாரின் பெயரில் இருந்தது. வாக்காளர் இடாப்பிலிருந்து அவர் பெயர் நீங்கி நெடுங்காலமாயிற்று. எஞ்சியிருந்தது கிராம அலுவலரின் சான்றிதழ் ஒன்றே.

விதானை முறை 1963இல் ஒழிந்து, கிராம சேவகர் வந்து, பின்னர் அப்பெயரும் மாறிவிட்டது. ஆயினும் ஊரார் வாயில் அவர் இன்றும் விதானையார்தான். இளைஞரான அவ்வலுவலர் மரியாதையோடு வரவேற்றார்.

"ஐயா, அம்மாவை எனக்கு நல்லாத் தெரியும். நீங்கள் இங்கை நிக்கிறதை அயலுக்கை இரண்டு பேர் வந்து சொன்னால் நல்லது" என்றார்.

அயலவர் இருவர் வந்து சொன்னார்கள். கடவுச்சீட்டு இலக்கமும் விசா முடியும் திகதியும் குறிக்கப்பட்டு, 'மேற்படி முகவரியில் தாயாருடன் தற்காலிகமாகத் தங்கியுள்ளார்' என்று எழுதப்பட்டது. பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் கிடைத்தது. எவரும் அவரை அலைக்கழிக்கவில்லை, எழுதியதிற் பிழையுமில்லை. ஆயினும் 'தற்காலிகமாக' என்ற சொல் அவரைத் தைத்தது.

மாலையில் அதனைத் தாயாருக்கு வாசித்துக் காட்டினார். தாயார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அந்தப் பொடியன்ரை தேப்பனும் இப்பிடி ஒரு துண்டுதானே மோனை வந்து கேட்டது" என்றார்.

அந்தப் பொடியன் 1964இல், எட்டு வயதில், மலையகத்திலிருந்து அவ்வீட்டுக்கு வேலைக்கு வந்தவன். தோட்டத்துப் பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைத்திருப்பது அக்காலத்து யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றிற் பழக்கமாயிருந்தது. அவன் தண்ணீர் அள்ளினான். ஆடுகளுக்குக் குழை ஒடித்தான். வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகையில் படலையடியில் நின்று பார்த்தான்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவன் பெற்றோர் போன்றோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டமோ, 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டுகளும் மணமாகாதோர் 10 ஆண்டுகளும் இடையறாது வதிந்தமைக்குச் சான்று கேட்டது. லயன் அறைகளில் வாழ்ந்தோர்க்குத் தமக்கென ஒரு முகவரியேனும் இருக்கவில்லை. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. 1964 ஒக்ரோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சியோரை எண்களாகப் பிரித்தது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதிப்பேரைப் பின்னர் பார்ப்பது என்பது அதன் கணக்கு.

விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டுக்கொண்டிருந்த 1969இல் பொடியனின் தகப்பனார் நெல்லியடிக்கு வந்தார். மகன் இவ்வீட்டில் ஐந்து ஆண்டுகளாக இருக்கிறான் என்று ஒரு கடிதம் எழுதித் தருமாறு வீட்டுக்காரரை வேண்டினார். வேலைக்கு நின்ற பிள்ளைக்கு என்ன வதிவிடம் என்ற நினைப்போ, எழுதினால் வேறு கேள்வி எழுமென்ற அச்சமோ, "பிறகு பாப்பம்" என்ற விடையே கிடைத்தது. வீட்டுக்காரர் கொடியவரல்லர், ஊரிற் பலருக்கு மனு எழுதிக் கொடுத்தவர். சில ஆண்டுகளில் அக்குடும்பம் தலைமன்னாரிற் கப்பலேறி இராமேஸ்வரம் சென்றது. அக்கடிதத்தால் ஏதும் மாறியிருக்குமா என்பதை எவராலும் சொல்ல இயலாது. ஆனால் கேட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்பினார் என்பது உண்மை.

இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் உரிமை வழங்கியது. கப்பலேறிப் போன பொடியனை அது எட்டவில்லை. நாற்பது ஆண்டுகள் ஊரில் இல்லாத மகனுக்குச் சாட்சி சொல்ல அயலவர் இருவர் ஒரே நாளில் வந்தனர். நாள்தோறும் அவ்வீட்டுக் கிணற்றில் நீர் அள்ளியவனுக்குச் சாட்சியாக இருந்தது அவ்வீடு ஒன்றே. அது வாய் திறக்கவில்லை.

அன்றிரவு மகன் ஒரு தாளை எடுத்து, 1964 முதல் இம்முகவரியில் வசித்தவர் என்று எழுதத் தொடங்கினார். பெயர் எழுத வேண்டிய இடத்திற் பேனா நின்றது. தாயாரைக் கேட்டார். பொடியன் என்பதற்கு மேல் அவருக்கும் எதுவும் நினைவில் வரவில்லை.