மன்னாரில் நீர் போகும் வழி

பெருநிலப்பரப்பிலிருந்து தாம்போதி வழியாக மன்னார் நகருக்குச் செல்பவர்கள், மாரி காலமாயின் வீதியோரத்து ஆழமற்ற நீரில் பூநாரைக் கூட்டங்களைக் காணலாம். மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வரும் வலசைப் பறவைகளுக்கு இலங்கையில் இதுவே முக்கிய வாசல். இங்குள்ள வங்காலைப் பகுதி 2008இல் சரணாலயமாகவும், 2010இல் நாட்டின் நான்காவது ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஒரு நகரின் வாசலிலேயே இத்தகைய செல்வம் அமைவது அரிது.

2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கியபோது, 'காற்றாலைக்கு எதிர்ப்பு' என்ற இரண்டே சொற்களில் அச்செய்தி பல இடங்களில் முடிந்துபோயிற்று. பல்லாண்டுகள் செய்தித் தலைப்புகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அத்தலைப்பு பாதி உண்மையைத்தான் சொன்னது. மீதிப் பாதி, நீரைப் பற்றியது.

மன்னார் தாழ்ந்த மணல் தீவு. பெய்த மழையில் ஒரு பகுதி மணலுள் இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்குகிறது. கிணறுகளுக்கு ஆதாரம் அதுவே. எஞ்சியது பள்ளங்கள் வழியே கடலுக்கு வழிந்தோடவேண்டும். 2020 டிசம்பரில் 30 காற்றாலைகளுடன் 'தம்பபவனி' திட்டம் தொடங்கிய பின்னர், உயர்த்தப்பட்ட பாதைகளும் அடித்தளங்களும் அந்த வழிகளை மறித்து, முன்னர் நீர் நில்லாத இடங்களிலும் வெள்ளம் தேங்குகிறது என்பது மக்களின் முறைப்பாடு. இல்மனைட் மணல் அகழ்வு வந்தால், நன்னீரைத் தாங்கும் மணலே போய்விடும் என்பது அடுத்த அச்சம்.

மன்னார் பிரஜைகள் குழுவுடன் மதகுருமார், மீனவர்கள், பெண்கள், இளைஞர்கள் எனப் பலரும் திரண்டனர். ஜனாதிபதி ஒரு மாதம் பணிகளை நிறுத்திவைத்தார். ஆனால் செப்டெம்பர் இறுதியில் பொலிஸ் பாதுகாப்புடன் காற்றாலைப் பாகங்கள் தீவுக்குள் கொண்டுவரப்பட்டன. கைகலப்பும் அதைத் தொடர்ந்து கடையடைப்பும் நிகழ்ந்தன.

காற்றிலிருந்து மின்சாரம் பெறுவது நல்லதுதான்; உலகம் முழுவதும் அந்தத் திசையில்தான் செல்கிறது. ஆனால் எங்கே நடுவது, எந்தப் பள்ளத்தை விட்டுவைப்பது என்பதை, அங்கு கிணறு வெட்டி வாழ்பவர்களைக் கேளாமல் தீர்மானிக்கலாமா?

அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்தது. அநுராதபுரத்தைக் கடந்து அரிப்பில் கடலைச் சேரும் அருவியாறு பெருக்கெடுத்து, மன்னார் மாவட்டத்தின் தாழ்நிலங்களை மூழ்கடித்தது. ஆறு பாய்வது பெருநிலத்தில். காற்றாலைகள் நிற்பது தீவில். அந்த வெள்ளத்துக்கு அவை காரணமல்ல. ஆயினும் நீருக்கு வழி எவ்வளவு தேவை என்பதை அது எல்லோருக்கும் காட்டிவிட்டது.

சென்னையில் அடையாற்றின் முகத்துவாரத்தருகே கழிவும் கட்டட இடிபாடுகளும் நிறைந்துபோன 58 ஏக்கர் நிலத்தைச் சீராக்கி, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். பாராட்டவேண்டிய முயற்சி, ஆனால் இழந்தபின் மீட்டது. மன்னார் இன்னும் இழக்கவில்லை.

அதனால் மறியல் மட்டும் போதாது என்பது என் எண்ணம். மன்னாரின் ஒவ்வொரு பாடசாலையும் ஆண்டுக்கு ஒருநாள் பிள்ளைகளை வங்காலைக்கு அழைத்துச் செல்லட்டும். ஊர்ப் பெரியவர்கள் பழைய நீரோடும் வழிகளைக் காட்ட, இளையவர்கள் அவற்றை வரைபடத்தில் குறிக்கட்டும். அடுத்த திட்டத்தோடு அதிகாரிகள் வரும்போது, மேசையில் முதலில் விரிக்கப்படவேண்டியது அந்த வரைபடம்தான்.