ஜன்னல் விளக்கு யாருக்காக?

டிசம்பர் மாதம். மாலை ஐந்து மணிக்கே கும்மிருட்டு. ஜெர்மனியின் கிழக்கே, செக் நாட்டு எல்லையை ஒட்டிய எர்ட்ஸ்கெபிர்கே மலையில் ரயில் மெல்ல ஏறுகிறது. வெளியே பார்த்தால் வீட்டுக்கு வீடு, ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு வளைவுகள். அரைவட்டச் சட்டத்தின் மேல் வரிசையாக மெழுகுவத்திகள். 'ஷ்விப்போகன்' என்பது அதன் பெயர்.

எர்ட்ஸ்கெபிர்கே என்றால் 'தாது மலை'. 1168-ல் ஃப்ரைபெர்க் பக்கம் வெள்ளி கிடைத்ததில் ஆரம்பித்த கதை இது. குளிர்காலத்தில் சுரங்கத் தொழிலாளி விடியும் முன்னே இறங்குவார். இருட்டிய பிறகுதான் மேலே வருவார். பகல் வெளிச்சத்தையே பார்க்காத அவர் வீடு திரும்பும்போது ஜன்னலில் விளக்கு எரிய வேண்டும். அதிலிருந்து வந்த வழக்கம் இது என்கிறார்கள். வீட்டில் எத்தனை பையன்களோ, ஜன்னலில் அத்தனை சுரங்கத் தொழிலாளி பொம்மைகள். எத்தனை பெண் குழந்தைகளோ, அத்தனை தேவதை பொம்மைகள். இங்கே வணக்கம்கூட 'க்ளுக் அவுஃப்'தான். போனவர் நல்லபடியாக மேலே வரட்டும் என்ற வாழ்த்து அதில் இருக்கிறது.

சுரங்க வருமானம் சரிந்தபோது ஸைஃபன் ஊர்க்காரர்கள் மரம் கடைந்து பொம்மை செய்து பிழைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யுரேனியம் வந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தது. 1990-ல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாயின. அதையொட்டிச் சுரங்கங்களும் ஆலைகளும் அடுத்தடுத்து மூடப்பட்டன. இளசுகள், அதிலும் பெண்கள், வேலை தேடி மேற்கே கிளம்பினார்கள். ஜன்னலில் பொம்மைகள் இருந்தன, பிள்ளைகள் இல்லை.

அந்த வெறுமைக்குள்தான் அரசியல் நுழைந்தது. 2013-ல் ஷ்னேபெர்க் ஊரில் அகதிகளைத் தங்கவைத்ததை எதிர்த்துத் தீவிர வலதுசாரிகள் தீப்பந்த ஊர்வலம் நடத்தினார்கள். வைத்த பெயர் 'லிஷ்டெல்லவுஃப்', அதாவது விளக்கு நடை. சுரங்கத் தொழிலாளியின் விளக்கையே கையில் எடுத்துக்கொண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நடந்தார்கள். இதை எதிர்த்தும் ஊர்வலங்கள் நடந்தன.

2025 பிப்ரவரி தேர்தலில், இந்த மலை அடங்கிய சாக்சனி மாநிலத்தில் வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி. 37 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கி முதலிடம் பிடித்தது. ஓட்டுப் போட்டவர்கள் எல்லோரும் வெறுப்பில் போட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஊர் கரைந்து போகிறதே என்ற ஏக்கம் நிஜம். ஆனால், ஊரைக் காலி செய்தது வெளியிலிருந்து வந்தவர்கள் அல்ல. வேலை இல்லாமல் வெளியே போன சொந்தப் பிள்ளைகள்.

இந்தச் சுரங்க மலை 2019-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது; எல்லைக்கு இரு பக்கமும் சேர்த்து, ஜெர்மனிக்கும் செக் நாட்டுக்கும் பொதுவாக. வெள்ளி கிடைத்த காலத்தில் மண்வெட்டியோடு வந்தவர்களும் வெளியூர்க்காரர்கள்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அன்னாபெர்க்கில் சுரங்கத் தொழிலாளர் அணிவகுப்பு. கறுப்புச் சீருடை, பித்தளை வாத்தியங்கள், கையில் விளக்கு. மேற்கே போன பிள்ளைகளில் சிலர் அந்த வாரம் ஊருக்கு வருவார்கள். வாசலை எட்டும் முன்பே ஜன்னல் வெளிச்சம் தெரியும்.

'போ' என்று சொல்ல ஏற்றிய விளக்கு அல்ல அது. 'வா' என்று சொல்ல ஏற்றியது.