அளந்த பிறகே கிரைண்டிங்

பழைய வண்டியின் எஞ்சின் சூடேறி நின்றுவிட்டால் பலரும் முதலில் சொல்வது, "ஹெட்டைக் கழட்டி கிரைண்டிங் போட்டுடுங்க" என்பதுதான். ஜார்ஜ்டவுனில், டத்தோ கெராமட் சாலையை ஒட்டிய சந்தில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் அந்தப் பேச்சு எடுபடாது. "அளக்காம இரும்பைத் தொடக்கூடாது லா, தம்பி" என்றார்.

நான் போனபோது மேசைமேல் மோரிஸ் மைனர் ஹெட் ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. 1956-லிருந்து 1962 வரை அந்த வண்டிக்கு வந்த 948 சிசி எஞ்சின். வார்ப்பிரும்பு என்பதால் அலுமினியம்போல் சட்டென்று வளையாது. ஆனாலும் தண்ணீர் வற்றி ஓடியிருந்தாலோ, சூடு ஆறுமுன் நட்டுகளைக் கழற்றியிருந்தாலோ வளைந்துவிடும்.

ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டையும் கரியையும் மரத்துண்டால் பொறுமையாகச் சுரண்டினார். சுழலும் உப்புத்தாள் டிஸ்க்கை அவர் தொடுவதில்லை. அது இரும்பில் பள்ளம் பறித்துவிடும். மண்ணெண்ணெயில் துடைத்து ஸ்ட்ரெய்ட் எட்ஜை வைத்தார்: நீளவாக்கில், குறுக்கில், பிறகு மூலைக்கு மூலை. பின்னாலிருந்து டார்ச் அடித்தபோது இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவே மட்டும் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. ஃபீலர் கேஜின் இரண்டு தௌ தகடு, அதாவது 0.05 மில்லிமீட்டர், சுலபமாக நுழைந்தது. மூன்று தௌ இழுத்துப் பிடித்தபடி போனது. நாலு போகவில்லை.

வளைவு அங்கே விழுந்ததற்குக் காரணம் உண்டு. அந்த இரண்டு சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. புகை வெளியேற இரண்டுக்கும் ஒரே வழி. சூடு முழுவதும் நடுவில் கூடுகிறது. கேஸ்கெட்டும் பெரும்பாலும் அங்கேதான் எரிந்துபோகும்.

இரண்டு தௌவுக்குள் இருந்திருந்தால் அப்படியே மாட்டியிருப்பார். இது அந்த அளவைத் தாண்டிவிட்டதால், பக்கத்துச் சீனத் தவுக்கேயின் சர்ஃபேஸ் கிரைண்டருக்குப் போனது. "அஞ்சு தௌவுக்கு மேல எடுக்காதீங்க" என்று எழுதியே கொடுத்தார். எடுக்க எடுக்க எரி அறை சிறுத்து கம்ப்ரெஷன் ஏறும். அளவு மீறினால் எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். ஹெட் தாழ்ந்த அளவுக்கு வால்வு இடைவெளியும் மாறுவதால், அதைத் திரும்பவும் 12 தௌவுக்கு வைக்க வேண்டும். இன்று அநாவசியமாகச் சீவி எடுத்த இரும்பு, பத்து வருடம் கழித்து இன்னொரு முறை வளையும்போது தேவைப்படும்.

திரும்பி வந்த ஹெட்டை நீல மை தடவிய சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்துத் தேய்த்தார். மை முகம் முழுக்க சீராகப் படிந்திருந்தது. பிளாக்கையும் அளந்தார்; பலர் விட்டுவிடும் வேலை இது. ஸ்டட் துளைகளின் ஓரத்தில் இரும்பு மேலெழும்பியிருந்தால், ஹெட் எவ்வளவு சமமாக இருந்தும் பயனில்லை. கடைசியில் ஒன்பது நட்டுகளையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சுற்றுச் சுற்றாக 40 பவுண்டு-அடி வரை இறுக்கினார்.

2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இந்நகரத்தில் பழைய சுவர்களுக்குக் கிடைக்கும் அக்கறை இந்தக் கைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பழைய வண்டி வைத்திருப்பவர்களே, ஹெட்டைக் கொடுக்கும்போது எத்தனை தௌ வளைவு, எத்தனை தௌ எடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்கி, வண்டிப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.