கொறங்காட்டுக்கு மேல சோலார் தகடு

எதைக் கேட்டாலும் இப்போ ஒரே பதில்தாங்க. குளம் நெறையலையா, கிளைமேட் சேஞ்ச். போர்ல தண்ணி இல்லையா, கிளைமேட் சேஞ்ச். தென்னையில வெள்ளை ஈ வந்திருச்சா, அதுவும் கிளைமேட் சேஞ்ச். அந்தச் சுருள் வெள்ளை ஈ மத்திய அமெரிக்கா பக்கத்துப் பூச்சி. 2016ல்தான் நம்ம பொள்ளாச்சிப் பக்கம் முதன்முதலா கண்ணுல பட்டது. கடல் தாண்டி வந்த பூச்சியை எல்லையில தடுக்க ஆளில்லை என்று சொல்வதை விட, வானத்தைக் கை காட்டுவது சுலபம்.

சூடு கூடவில்லை என்று நான் சொல்ல வரலைங்க. சித்திரை மாசத்து ராத்திரி முன்னைப் போல இல்லை என்பது வாசல்ல கட்டில் போட்டுப் படுக்கிற எனக்கே தெரியுது. தெர்மாமீட்டர் வச்சு அளந்து சொல்றவங்களோட சண்டைக்குப் போக நான் யாரு? என் சந்தேகமெல்லாம் ரெண்டு விசயத்துல. ஒண்ணு, இந்தப் பயத்தைக் காட்டி எதையெல்லாம் மறைக்கிறாங்க என்பது. இன்னொண்ணு, இதுக்கு மருந்துன்னு சொல்லி யார் தலையில அரைக்கிறாங்க என்பது.

காங்கேயம் பக்கம் இருக்கிறவங்களுக்கு நொய்யலைப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1992ல் ஒரத்துப்பாளையத்துல அணை கட்டினாங்க, பாசனத்துக்குன்னு. சில வருசத்துல அணையில நின்னது தண்ணி இல்லை, திருப்பூர் சாயக்கழிவு. சுத்துப்பட்டுக் கிணறு எல்லாம் உப்பாச்சு, தென்னை மொட்டையாச்சு. விவசாயிகள் கோர்ட்டுக்கு அலைஞ்சு அலைஞ்சு, 2011ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. அந்த ஆத்தைக் கொன்னது கார்பன் இல்லைங்க. அளவில்லாம ஆயிரம் அடிக்குப் போர் போட்டுக்கிட்டே போனதும் கார்பன் இல்லை. குளத்துக்கு வர்ற பள்ளத்தை மறிச்சு சைட் போட்டதும் கார்பன் இல்லை.

பஞ்சமும் புதுசு கிடையாது. தாது வருசப் பஞ்சம் 1876ல் ஆரம்பிச்சது. காரும் கிடையாது, அனல் மின் நிலையமும் கிடையாது. மழை பொய்ச்சது, இருந்த தானியத்தையும் வெள்ளைக்காரன் கப்பலேத்தினான், சனம் கொத்துக் கொத்தாச் செத்தது. வானம் எப்பவும் நம்ம பேச்சைக் கேட்டதில்லை. அதைத் தாங்கற மாதிரி பண்ணயம் பண்ணத் தெரிஞ்சிருந்தாங்க நம்ம ஆளுங்க. அதுல பெரிய விசயம் கொறங்காடு.

வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். எங்க பக்கம் மழை கம்மி, மண்ணும் சரளை. வெள்ளாமைக்கு ஆகாத நாலஞ்சு ஏக்கரைச் சுத்தி கிளுவை வேலி வச்சு, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலமரமும் வளர விட்டிருப்போம். ஒரு சொட்டுத் தண்ணி பாய்ச்ச வேண்டாம், ஒரு மூட்டை உரம் வேண்டாம். ஒரு மழை பேஞ்சா புல்லு தானா எந்திரிக்கும். ஒரு காட்டை மேய விட்டு இன்னொரு காட்டை ஆறப் போடுவோம். புல்லு காஞ்ச கோடையில வெள்வேலங்காய் உதிரும், ஆடு அதைப் பொறுக்கித் தின்னே தாட்டிடும். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் இந்தக் காட்டை நம்பித்தான் இருக்குது. வேலிக்குள்ள கவுதாரி, மயில், முயல், ஓணான் என்று ஒரு ஊரே குடியிருக்கும்.

இந்தக் காட்டைத்தான் இப்போ ஜேசிபி வச்சு வழிச்சு, சோலார் தகடு போடுறாங்க. ரெவின்யூ கணக்குல இது வெறும் புஞ்சைத் தரிசு. ஆபீஸ்ல உட்கார்ந்து பார்க்கிறவங்களுக்குச் சும்மா கிடக்கிற பூமி. நிழல் விழக்கூடாதுன்னு மரத்தை எல்லாம் வேரோட எடுத்துடறாங்க. சுத்துச்சூழலைக் காப்பாத்த மரம் வெட்டற அதிசயத்தை எங்க ஊர்ல வந்து பார்க்கலாம். மெகாவாட்டுக்கு நாலு ஏக்கர் கணக்கு. 2016ல் கமுதியில 648 மெகாவாட்டுக்கு எடுத்த இடம் 2,500 ஏக்கர். தகட்டு மேல தூசி படிஞ்சா கரண்ட் கொறையுமாம், அதைக் கழுவ போர் தண்ணி. மாட்டுக்குக் காட்ட தண்ணி இல்லாத காட்டுல கண்ணாடி குளிக்குது.

எங்க வடக்குக் காட்டுக்காரர் பன்னெண்டு ஏக்கரை 28 வருசத்துக்கு எழுதிக் கொடுத்துட்டார். அவரைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. ஏக்கருக்கு வருசம் 30,000 ரூபாய்க்கு மேல தர்றாங்க. மேச்சலுக்கு விட்டா அதுல கால்வாசி வந்தாலே பெருசு. புள்ளைங்க ரெண்டும் வெளியூர்ல, அவருக்கு முழங்கால் வலி. ஆடு மேய்க்க ஆளும் கிடைக்கிறதில்லை. ஆனா அவர் காட்டைக் குத்தகைக்கு எடுத்து மேய்ச்சிட்டு இருந்த சொந்தக் காடில்லாத ரெண்டு குடும்பம் பட்டியை வித்துட்டு இப்போ பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறுது. குத்தகைப் பத்திரத்துல அவங்க பேர் எங்கேயும் இல்லை, நஷ்டக் கணக்குலயும் இருக்காது.

அடுத்தது கோபுரம். கரண்டைத் தயார் பண்ணினா கொண்டு போகணும் இல்லீங்களா. சத்தீஸ்கர் ராய்கர்ல இருந்து நம்ம புகளூருக்கு 800 கிலோவோல்ட் லைன் வந்துச்சே, 6,000 மெகாவாட். அது முதல்ல அங்கே இருந்து நிலக்கரி கரண்ட் கொண்டு வரப் போட்டது. அப்புறம், காத்தாடி கரண்ட் மிச்சமானா அதே லைன்ல வடக்கே அனுப்பலாம், பசுமைத் திட்டம் என்றும் பேசினாங்க. கம்பிக்குள்ள போறது கருப்பா பச்சையான்னு கீழே நிக்கிற தென்னைக்குத் தெரியுமா? 1885ம் வருசத்து தந்திச் சட்டத்துல இருக்கிற அதிகாரத்தைக் காட்டித்தான் தோட்டத்துக்குள்ள வந்தாங்க. நிலத்தை வாங்க வேண்டியதில்லை, சேதத்துக்குப் பணம் கொடுத்தால் போதும் என்கிற சட்டம் அது. ரோட்டோரமா கேபிளாப் புதைங்கன்னு 2018 கடைசியில ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கத்து விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தாங்க. செலவு அதிகமாம். கம்பிக்குக் கீழ தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, அந்தப் பூமியை எவனும் சரியான வெலைக்கு வாங்கவும் மாட்டான். அந்தச் செலவு எங்க தலையில ஏறினா அது செலவாவே தெரியறதில்லை.

காத்தாடிக்கு நான் எதிரி இல்லை. ஆடிக்காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா சும்மாதானே வருது. காத்தாடி நிக்கிற இடம் போக மிச்சத்துல உழவு ஓட்டலாம், மாடு மேய்க்கலாம். தமிழ்நாட்டுல 10,000 மெகாவாட்டுக்கு மேல காத்தாடி இருக்குது. ஆனா நல்ல காத்து அடிக்கிற நேரத்துல கிரிட்டு தாங்காதுன்னு காத்தாடியை நிறுத்தச் சொன்னதும் உண்டு. சூரியன் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிடுது. ராத்திரி மோட்டார் ஓட்டறதுக்கு அனல்தான் கை கொடுக்குது. இதையெல்லாம் கணக்குல சேர்த்துச் சொல்லாம, சோலார் கரண்டு யூனிட் இவ்வளவு மலிவுன்னு விளம்பரம் போடுறது எந்த ஊரு நியாயம்?

இதுல மாடு ஏப்பம் விடறதும் நெல்லு வயல்ல தண்ணி நிக்கிறதும் பூமிக்குக் கேடுன்னு ஒரு புகார் வேற. மாட்டு வயித்துல மீத்தேன் வர்றது நெசந்தான். 2021ல் கிளாஸ்கோ மாநாட்டப்போ மீத்தேனைக் குறைக்கறோம்னு ஒரு உறுதிமொழி கொண்டு வந்தாங்க, இந்தியா அதுல சேரலை. அந்த ஒரு விசயத்துல டெல்லிக்காரங்களுக்கு ஒரு கும்பிடு. ஒரு அமெரிக்கக்காரர் வருசத்துக்கு 14 டன்னுக்கு மேல கரியமில வாயு விடறார், நம்மாளு சுமார் 2 டன். அந்த 2 டன்னுலயும் கொறங்காட்டுல ஆடு மேய்க்கிற கிழவி பங்கு எவ்வளவு இருக்கும்? எட்டு மணி நேரம் வெயில்ல நின்னு கரண்டே தொடாம வாழற அந்தம்மாவுக்குத்தான் முதல்ல மேச்சல் போகுது.

சோலாரே வேண்டாம்னு சொல்லலைங்க. காங்கேயத்துல எத்தனை அரிசி ஆலை, எத்தனை எண்ணெய் ஆலை, திருப்பூர்ல எத்தனை பனியன் கம்பெனி. அத்தனை கூரையும் வெயில்ல காயுது. அதுல போட்டா லைனும் இழுக்க வேண்டாம், மரமும் வெட்ட வேண்டாம். ஆனா கூரையில போட்ட சிறு தொழில்காரங்களுக்கு நெட்வொர்க் கட்டணம்னு ஒண்ணைப் போட்டாங்க. அவங்க சத்தம் போட்ட பிறகுதான் 2023ல் அதைப் பாதியாக் குறைச்சாங்க. காட்டை வழிக்கிறவங்களுக்குச் சலுகை, கூரையில வைக்கிறவங்களுக்குக் கட்டணம்.

புரோக்கர் போன மாசம் எங்க வீட்டுக்கும் வந்துட்டுப் போனார். எங்க அஞ்சு ஏக்கர் கொறங்காடு அவங்க போட்டிருக்கிற தகட்டுக்கு ஒட்டினாப்புல இருக்குது, அதனால கூடக் கொஞ்சம் தரச் சொல்லிப் பார்க்கறேங்கறார். பையன் கொடுத்துடலாம்பா, அந்தக் காசுல தோட்டத்துக்குச் சொட்டுநீர் போட்டுக்கலாம்கிறான். அவன் சொல்றதும் தப்பில்லை. எங்கம்மா ஒண்ணும் சொல்லலை. இருபத்தி மூணு ஆடு இருக்குது, காலையில ஓட்டிட்டுப் போயிட்டாங்க. வீட்டுல இன்னும் பேச்சு முடியலைங்க.