த்ரீ ஃபேஸ் கரண்டும் ஒரு ஏட்டம்மாவும்

சின்னமனூர்ப் பக்கம் வாழை போட்டிருக்கும் ஒரு பெரியவருக்குத் தூக்கம் கரண்டின் கையில். த்ரீ ஃபேஸ் நடுச்சாமத்தில்தான் வரும். வந்ததும் மோட்டாரைப் போட்டு, மடை திருப்பி, விடியும்வரை முழித்திருக்க வேண்டும். மோட்டார் ரூம் கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடி அவர் போனில் பார்க்காத சினிமா இல்லை. சீரியல் பக்கம் மட்டும் போகமாட்டார். "ஒரு ஆளு கதவத் தெறக்க மூணு நாளு" என்பது அவர் கட்சி.

கல்லூரி விடுமுறைக்கு வந்த மகள் ஒருநாள் 'ஹேப்பி வேலி'யைப் போட்டுக் கொடுத்தாள். 2014இல் பிபிசியில் தொடங்கிய தொடர். இங்கிலீஷ் அவருக்கு அரைகுறைதான். கீழே ஓடும் எழுத்தை எட்டிப் பிடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். விடிந்ததும் கேட்டார்: "ஏத்தா, அந்தப் பொம்பளப் போலீசு அப்படியே நம்ம ஸ்டேஷன் ஏட்டம்மா மாதிரில்ல இருக்கு?"

சரியான இடத்தில் கை வைத்திருந்தார். சாரா லங்காஷயர் நடித்த கேத்தரின் கேவுட், யார்க்ஷயரில் ஒரு சிறிய ஸ்டேஷனில் சார்ஜென்ட். வயது 47. விவாகரத்தானவர், மகளைப் பறிகொடுத்தவர், பேரனை வளர்ப்பவர். ஹெராயினிலிருந்து மீண்ட தங்கையும் அதே வீட்டில். முதல் காட்சியில், உடம்பில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு ஓர் இளைஞன் மிரட்டுகிறான். கேத்தரின் தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் அவனிடம் தன் குடும்பக் கதையைச் சொல்லிப் பேச்சுக் கொடுக்கிறார். பிரிட்டனில் சாதாரணப் போலீஸ்காரர் இடுப்பில் துப்பாக்கி கிடையாது. சுட முடியாதவர் பேசித்தான் ஆகவேண்டும். அந்த ஊர்த் தொடர்களின் விறுவிறுப்பு பாதி அங்கிருந்து வருவதுதான்.

சின்னமனூரைப் போலவே, கதை நடப்பதும் ஒரு பள்ளத்தாக்கில். கால்டர் பள்ளத்தாக்கு: ஹெப்டன் பிரிட்ஜ், சவர்பி பிரிட்ஜ் என்று பழைய மில் ஊர்கள், சுற்றிலும் மலை, நடுவே ஆறு. போதை மருந்து புழங்கும் அந்த வட்டாரத்துக்கு உள்ளூர்ப் போலீஸ் கிண்டலாக வைத்த பெயரே 'மகிழ்ச்சிப் பள்ளத்தாக்கு'. கம்பம் என்று சொன்னதும் கஞ்சா ஜோக் அடிக்கும் தமிழ் சினிமாவைப் பார்த்துக் கசந்துபோன ஊர்க்காரருக்கு இது சட்டென்று விளங்கும். ஒரு வித்தியாசம், தொடரை எழுதிய சாலி வெயின்ரைட் யார்க்ஷயர்க்காரர். ஊரைக் கிண்டலுக்கு விடாமல் கதைக்குள் கொண்டுவந்தார். சம்பள உயர்வு கேட்டுக் கிடைக்காத கணக்கர் ஒருவரின் மனக்கசப்பில் கதை தொடங்குகிறது. அவர் வாய்விட்ட ஒரு யோசனை, முதலாளி மகளின் கடத்தலில் போய் நிற்கிறது.

மூன்று பருவம், பருவத்துக்கு 6 பாகம், மொத்தம் 18. இரண்டாவது 2016இல் முடிந்தது. மூன்றாவது வந்ததோ 2023இல். பேரனாக நடித்த சிறுவன் வளர்ந்து, கதையில் தன் அப்பனைப் பற்றித் தானே முடிவெடுக்கும் வயதுக்கு வரட்டும் என்று ஏழு வருடம் காத்திருந்தார்கள். 'இவருக்குப் பதில் இனி இவர்' என்று ஒரு அட்டையைக் காட்டி நகர்ந்துவிடும் நம் சீரியல் உலகத்துக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். 'கோலங்கள்' 1,500 பாகத்துக்கு மேல் ஓடியது. அதைக் குறை சொல்லவும் முடியாது. தினமும் விளம்பரம் விற்றாகவேண்டிய தொழில் அது. பிபிசியின் உள்நாட்டு நிகழ்ச்சிகள் வீட்டுக்கு வீடு வாங்கும் உரிமக் கட்டணத்தில் நடப்பவை. நடுவே விளம்பரம் இல்லை. கதை முடிந்தால் கடையைக் கட்டிவிடலாம்.

அடிதடி வேண்டுமென்பவர் 'பாடிகார்ட்' (2018) பார்க்கலாம். ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய சிப்பாய், இரண்டு பிள்ளைகளோடு ரயிலில் வருகிறான்; கழிப்பறையில் உடம்பெல்லாம் வெடிகுண்டோடு ஒரு பெண். அந்த முதல் 20 நிமிடம் போதும். பின்பாதி கொஞ்சம் சினிமாத்தனம். அதே ஜெட் மெர்குரியோ எழுதிய 'லைன் ஆஃப் டியூட்டி' (2012–2021) வேறு ரகம். போலீசுக்குள் இருக்கும் கறுப்பாடுகளைப் பிடிக்கும் போலீஸ். விசாரணை அறை, ஒரு மேசை, நாலு ஃபைல், பதிவுக் கருவியின் நீண்ட 'பீப்' சத்தம். உட்கார்ந்த இடத்திலேயே அரைமணி நேரம் ஓடிவிடும். ஆறாம் பருவத்தின் கடைசிப் பாகத்தை 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். பல பருவமாகத் தேடிய ஆள் இவ்வளவுதானா என்று அவர்களில் நிறையப் பேருக்குச் சப்பென்று போனது தனிக்கதை.

இந்தியாவுக்கும் இந்த மாதிரி பிரிட்டிஷ் தொடர்கள் வந்திருக்கின்றன. 'கிரிமினல் ஜஸ்டிஸ்' (2008) அங்கே 5 பாகம். 2019இல் இந்தியில் வந்தபோது 10 ஆனது. 'லூதர்' 2022இல் அஜய் தேவ்கனின் 'ருத்ரா' ஆயிற்று. கதை வந்தது, மண் வரவில்லை. அதைவிட, எதையும் மறுஆக்கம் செய்யாமல் 2022இல் தமிழில் எடுத்த 'சுழல்' உருப்படி. மயானக் கொள்ளைத் திருவிழாக் கூட்டத்துக்குள் ஒரு பெண்பிள்ளை காணாமல்போவதை 8 பாகத்தில் சொன்னது.

மயானக் கொள்ளை வடதமிழ்நாட்டு வழக்கம். தேனிக்கு வீரபாண்டி இருக்கிறது. சித்திரையில் முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மனுக்கு ராப்பகலாக அக்கினிச்சட்டி. அந்தக் கூட்டத்தில் ஒரு ஆளைத் தேடுவதை யாரும் இன்னும் சரியாகப் படம்பிடிக்கவில்லை. 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் யானை கம்பம் தெருவுக்குள் நடந்துவந்ததே, அதுவும் கிடக்கிறது. 144 தடை, பூட்டிய கதவுகள், கழுத்து ரேடியோ காலரின் சிக்னலைத் தேடி அலைந்த வனத்துறை. ஒரு உயிரும் போனது. ஜூன் 5இல் மயக்க ஊசி போட்டுக் களக்காடு முண்டந்துறைக்கு ஏற்றிப்போகும்வரை இந்தப் பக்கம் முழித்துக் கிடக்கக் கரண்டு தேவைப்படவில்லை.

பெரியவர் இப்போது இரண்டாம் பருவத்தில் இருக்கிறார். ராத்திரிக்கு இரண்டு பாகம் கணக்கு. 18 பாகத்துக்கு ஒன்பது ராத்திரி. அதற்குள் வாழைக்கு இரண்டு தண்ணி பாய்ந்துவிடும்.