தழும்பு எங்கே விழ வேண்டும்?

2006-ல், தில்லியில் மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில், மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிய ஒரு குறிப்பு என் மேஜைக்கு வந்தது. குறைந்த தழும்பு என்றுதான் ஆங்கில மூலத்தில் இருந்தது. நான் 'தழும்பு தெரியாத' என்று எழுதினேன். தலைப்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. தமிழ் எம்.ஏ. படித்தவள் போட்ட சொல் என்பதால் யாரும் திருத்தவில்லை.

2023 பிப்ரவரியில் இதே ஊரில், பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் என்னை நிற்க வைத்து மார்பில் நீல மையால் கோடு போட்டபோது அந்தத் தலைப்பு ஞாபகத்துக்கு வந்தது. தோள்களில் பிரா பட்டை அழுத்திய பள்ளம், பின்னங்கழுத்தில் ஓயாத வலி, மே மாத வெயிலில் மார்புக்கு அடியில் வேர்க்குரு, அது உடைந்து புண். 'எடையைக் குறைங்க' என்று இரண்டு டாக்டர்கள் சொன்னார்கள். 9 கிலோ குறைத்தேன். மார்பு மட்டும் குறையவில்லை.

கத்திக்குப் பயமில்லை. தழும்புக்குத்தான் பயம். அக்காவுக்குக் காதில் இரண்டாவது துளை குத்திய இடத்தில் சதை நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்தது. வெட்டி எடுத்தார்கள், முன்னைவிடப் பெரிதாக வளர்ந்தது. மருத்துவத்தில் இதற்கு கெலாய்டு என்று பெயர். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலிபேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் வைத்தது. நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சாதாரணத் தழும்பு காயத்தின் எல்லைக்குள் நிற்கும், இது எல்லை தாண்டிப் படரும். நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்கு அதிகம். காது மடல், தோள், நெஞ்செலும்பின் மேல் பகுதி ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். "உனக்கும் என் காது மாதிரி வந்துட்டா என்னடி பண்ணுவே?" என்று மதுரையிலிருந்து அக்கா போனில் அழாத குறை.

அதனால் டாக்டரிடம் இருப்பதிலேயே சின்னத் தழும்பு வேண்டும் என்று கேட்டேன். அவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் மட்டும் வெட்டித் தைக்கும் முறை ஒன்று. பாரிஸில் பெனெல்லி 1990-ல் எழுதியது. தழும்பு ஒரு வட்டம், அவ்வளவுதான். ஆனால் நிறைய எடுத்தால் மிச்சத் தோல் முழுவதும் அந்த வட்டத்தை இழுக்கும். தழும்பு அகலும், மார்பு தட்டையாகும். அடுத்தது, வட்டமும் அதிலிருந்து கீழே இறங்கும் நேர்கோடும். பிரான்ஸில் லஸ்ஸூ தொடங்கி, பிரஸ்ஸல்ஸில் லெஜூர் என்ற பெண் மருத்துவர் பரப்பி, கனடாவின் ஹால்-ஃபிண்ட்லே 1999-ல் எளிமைப்படுத்திய முறை. பலருக்கு இதுவே போதும். கடைசியாக, அந்தக் கோட்டின் அடியில், மார்பின் கீழ் மடிப்போடு ஓடும் இன்னொரு கோடும் சேரும் நங்கூர வடிவம். அமெரிக்காவின் வைஸ் 1956-ல் பிரா தைக்கும் வெட்டு மாதிரியிலிருந்து உருவாக்கியது. (தையற்காரர்களுக்கு மருத்துவம் இவ்வளவு கடன்பட்டிருப்பது எனக்குத் தெரியாது.)

"உங்களுக்கு ஒவ்வொரு பக்கமும் 700 கிராமுக்கு மேல் எடுக்க வேண்டும். குட்டையான தழும்பு வேண்டுமென்று தோலை இழுத்துத் தைத்தால் அந்த இழுவையே தழும்பைத் தடிக்க வைக்கும். நீளமாக, மடிப்புக்குள் இருந்தால் பரவாயில்லை" என்றார். நெஞ்செலும்புக்கு அருகே மட்டும் கோட்டைக் கொண்டுபோக மாட்டேன் என்றும் சொன்னார். அக்கா கதையைக் கேட்டபின் சொன்னது அது. நங்கூரத்துக்குச் சம்மதித்தேன்.

மூன்றரை மணி நேரம். எடையை உள்ளே இருக்கும் தையல்கள் தாங்க வேண்டும், மேல்தோல் சும்மா தொட்டுக்கொண்டு இருந்தால் போதும் என்பதுதான் சூட்சுமம். கரையும் நூலால் தோலுக்கு அடியில் தைத்தார். வெளியே தையல் தடமே இல்லை. காம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் சதைத் தண்டை வெட்டாமல் விட்டுவைத்திருந்தார். எடுத்த சதை பரிசோதனைக்குப் போய், கோளாறு ஏதுமில்லை என்று வந்தது.

நாலாம் நாளே கழுத்து வலி போய்விட்டது. தழும்புதான் படுத்தியது. மூன்றாம் மாதம் சிவந்து, தடித்து, அரித்தது. கண்ணாடி முன் நின்று அழுதேன். அது எல்லோருக்கும் வரும் கட்டம், கொலாஜன் மும்முரமாகச் சேரும் காலம், முதிர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சொன்னது வேறு, பார்ப்பது வேறு. முதலில் காகிதப் பிளாஸ்திரி, பிறகு ஒரு நாளில் பாதிக்கு மேல் சிலிக்கான் பட்டை. கழுவி, காய வைத்து, மறுபடி ஒட்ட வேண்டும். தில்லி வேர்வையில் அது நழுவி இடுப்பில் வந்து கிடக்கும்.

பதினான்காம் மாதம் நேர்கோடு வெளுத்து நூலாகிவிட்டது. மடிப்பில் இருப்பது கையைத் தூக்கினால்தான் தெரியும். இடது பக்க உள்முனையில் மட்டும் அரிசி நீளத்துக்கு ஒரு தடிப்பு. அதில் ஸ்டீராய்டு ஊசி இரண்டு முறை போட்டார்கள். அமுங்கியது, ஆனால் போகவில்லை.

போன தீபாவளிக்கு வந்த அக்கா கதவைச் சாத்திவிட்டு, "காட்டு" என்றாள். காட்டினேன். அந்த உள்முனையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.